கனம் குறையாத கோல்

என் அக்கா புருஷனைப் போல நச்சுப் பிடித்த ஆட்டக்காரரை நான் கண்டதில்லை. பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மற்றவர்கள் எப்போதாவது வந்து எடையைச் சரி பார்த்துக்கொண்டு போவார்கள். மாமா மட்டும் வாரம் தவறாமல் வந்து உயிரை வாங்குவார். "முன்னாடி இழுக்குது" என்பார், அடுத்த வாரமே "பின்னாடி தொங்குது" என்பார்.

கோலின் அடியில் ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஓர் இரும்பு போல்ட் இருக்கும். அதை மாற்றினால் கனம் மாறும். மாமாவுக்கு நான் அதையெல்லாம் செய்வதே இல்லை. கோலை மூலையில் சாத்திவைத்து, பிறகு துணியால் ஒரு துடை துடைத்துக் கொடுப்பேன். "இப்பதான் ஸ்டிக் மாதிரி இருக்கு!" என்று பூரித்துப் போவார். இதை அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்று காலை பட்டறையைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். மறுநாள் அவருக்கு இறுதி ஆட்டம்.

"ரொம்பக் கனக்குது, வாயாடி. தூக்கவே முடியல."

"ஆரம்பிச்சுட்டீங்களா? வச்சுட்டுப் போங்க மாமா. சாயங்காலம் வாங்க."

வழக்கம்போல மூலையில் சாத்தினேன். சாயங்காலம் துடைத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"இல்லையே. அப்படியேதான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தில்லாலங்கடி ஒருநாளும் பொய்த்ததில்லை. எரிச்சலோடு அந்த போல்ட்டை நிஜமாகவே கழற்றி எறிந்தேன். கோல் விளக்குமாற்றுக் குச்சிபோல ஆகிவிட்டது.

"இந்தாங்க. இதுக்கு மேல குறைக்கணும்னா காத்தைத்தான் கையில குடுக்கணும்."

கோல் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் மூடவில்லை.

"இன்னும்... கனக்குது" என்றார். பேச்சு குழறியது. வாயின் ஒரு பக்கம் மட்டுமே அசைந்தது.

ஐயோ, கை! கனத்தது கோல் இல்லை. அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். அக்காவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் போனில் கத்தினேன்.

டாக்டரம்மா கைகளை நீட்டச் சொன்னார். வலது கை எழவே இல்லை. உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். நேரம் தாண்டிப் போட்டா உயிருக்கே ஆபத்து. எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான் டாக்டர்" என்றாள் அக்கா. "இவ பட்டறையிலதான். சீக்கிரம் போடுங்க!"

நர்ஸ் ஊசியை எடுத்தார்.

"இல்ல. காலையிலயே ஆரம்பிச்சிருச்சு" என்றேன்.

"என்னடி உளறுற? காலையில கனத்தது ஸ்டிக்குடி! அதை நீ சரி பண்ணிட்டு இருக்கேன்னு மத்தியானம் சாப்பிடும்போதுகூடச் சொன்னாரே!"

"ஸ்டிக்ல ஒண்ணுமே மாறலக்கா. சாயங்காலம் வரைக்கும் நான் தொடவே இல்ல. அதுக்கு முன்னாடி எப்பவுமே தொட்டதில்ல."

கட்டிலிலிருந்து மாமா என்னைப் பார்த்தார். நர்ஸ் ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.