கயிற்றுக்கு ஆகாத கை

என் தம்பி ரோச் ஆறாம் பாரம் படித்த வருஷம், வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன ஆகப்போகிறாய் என்று வாத்தியார் கேட்டாராம். துறைமுகத்தில் குமாஸ்தா என்றவர்கள் பாதி, கொழும்பில் மாமா கடை என்றவர்கள் மீதி. ரோச் மட்டும் கப்பலில் கம்பியில்லாத் தந்தி அடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். யுத்தம் முடிந்திருந்த சமயம். அந்தப் படிப்புக்கு மதராஸ் போகவேண்டும்.

"வாத்தியாரு என்னலே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"சிரிச்சாருக்கா. பொறவு, நல்லாப் படின்னாரு."

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கஸ்பார், சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடித்து, கீழிருந்து அவன் இழுத்துக் காட்டியதும் மேலே தூக்குவது அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் என்பது எங்கள் வழக்கம். அக்காள் தாலி போக எந்தத் தம்பியும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. எனக்கு ரோச் ஒருவன்தான் தம்பி.

"பரீட்சை எழுதட்டும். பொறவு கயிறுதான். மதராஸு கிதராஸுன்னு பேசப்படாது" என்றாள் அம்மா.

ரோச் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பரீட்சை முடிந்ததும் வள்ளம் ஏறிவிட்டான்.

"ஏலே தந்தி மாஸ்டரு, கீழேருந்து சேதி வந்துதா?" என்று வள்ளத்தில் கேலி செய்வார்களாம்.

"வந்துருக்கு. ஒமக்கு இன்னைக்குச் சங்கு இல்லையாம்" என்பானாம் இவன்.

ஒரு சாயங்காலம் உப்புப் போகக் குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஏளா, ஒன் தம்பி கை மாதிரி நான் பாத்ததில்ல. இழுக்கணும்னு நான் நெனைக்கதுக்குள்ள மேல வந்துருதேன்."

எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை.

"இன்னும் கொஞ்ச நாளு பிடிச்சாம்னா, அவன மதராஸுக்கு விட எனக்கு மனசு வராது. அதான் பயமா இருக்கு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனோம். சோற்றில் கை வைத்ததும் அவர் சொன்னார்: "அத்தை, இவன் கயித்துல இனிமே நான் எறங்கமாட்டேன்."

"என்ன மாப்பிள்ளை சொல்லுதிய?"

"நான் கீழ கெடந்து இழுக்கேன், இவன் தூரத்துக் கப்பலப் பாத்துக்கிட்டு இருக்கான். ஒங்க மவ தாலி நெலைக்கணும்னா வேற ஆளு வைக்கணும்."

குளிக்கிறவன் தன் கயிற்றைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. ரோச்சின் கண் கலங்கிவிட்டது.

"நான் எப்ப மச்சான் அப்படி..."

"பேசாதலே. மதராஸுக்குப் போ. அங்கன போயிக் கப்பலப் பாரு."

ரயில் ஏறும்போதுகூட ரோச் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அவன் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

அதன்பிறகு கூலிக்கு ஒருவர் கயிறு பிடித்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது வருஷம் கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரரை உயிரோடு மேலே கொண்டுவர முடியவில்லை.

பம்பாயில் கப்பலில் இருந்த ரோச், முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வந்து சேர்ந்தான். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியவன் எழுந்திருக்காமலே கேட்டான்: "அக்கா, நான் பிடிச்சிருந்தா?"

உண்மையைச் சொன்னால் அவன் அந்தக் கப்பலுக்குத் திரும்பமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"ஒன் கை கயித்துக்கு ஆகாதுன்னு அவுகளே சொன்னாகல்லா. மறந்துட்டியாலே?"

அவன் வெகுநேரம் அழுதான். மறுநாள் ரயிலில் போனான்.

வேலை ஓய்ந்து ஊருக்கு வந்த பிறகு என்னோடுதான் இருந்தான். போன வருஷம் அவனும் இறந்துபோனான். இருந்தவரை, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைக்கச் சொன்னால், "என் கைக்குக் கயிறு ஆகாதுக்கா" என்று சிரிப்பான். நானும் சிரித்துக்கொண்டு நானே இறைப்பேன்.