மிரியம் ஆன்ட்டியின் கராஜ்

உலக ஈகை வரலாற்றில் அமெரிக்காவின் எடிசன் நகர நற்றமிழ் மன்றத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு என்று அதன் தலைவர் குமாரசாமி மேடைதோறும் முழங்குவார். அந்த அத்தியாயத்தில் ஆட்கள் யாரும் தெரியமாட்டார்கள். தானப் பொருள்கள் குவிந்திருக்கும் மிரியம் ஆன்ட்டியின் கராஜுக்குள் கொடுக்கவோ எடுக்கவோ நுழைகிறவர், தன் வீட்டுக்குத் திரும்பும்வரை எவர் கண்ணுக்கும் படமாட்டார். மூட்டை தெரியும், டயபர் கட்டு தெரியும், தூக்குகிற ஆள் தெரியாது. ஓட்டுநர் இல்லாத கார்கள் ஓக் ட்ரீ சாலையில் போவதைப் போலீஸும் கேட்பதை விட்டுவிட்டது.

மிரியம் ஆன்ட்டி ஓய்வுபெற்ற பல் டாக்டர், யூதர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமலிருப்பதே மேல் என்பது அவர்கள் மார்க்கத்து நெறி. வாங்குபவரும் தன்னால் ஆனதைக் கொடுக்க வேண்டும். அதனால் ஹம்சா பால் பவுடர் எடுக்க வரும்போதெல்லாம் தன் தொட்டியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை வைத்துவிட்டுப் போவாள். அவள் கணவன் சபரிக்கு லேஆஃப் ஆகி வேலை போனது மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. மன்ற விழாக்களைத் தொகுத்து வழங்குபவளே அவள்தான்.

மன்றம் கொடுத்த அரிசியோடு தலைவர் கராஜில் எடுத்துக்கொண்ட போட்டோவில் ஆள் யாரும் இல்லை, அரிசி மூட்டையும் பேனரும் மட்டும் காற்றில் தொங்கின. வாங்குபவர்களைப் பொங்கல் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்றார். நாலு பேர் முன்னால் ஒருவர் முகத்தை வெளுக்க வைப்பது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று மிரியம் ஆன்ட்டி கதவைச் சாத்தப் போனார்.

"வாங்கறவங்க இல்லாம குடுக்கறவனுக்கு ஏதுங்க மரியாதை?" என்று தலைவர் மன்றத்தில் பொருமினார். பிறகு ஹம்சாவிடம், "ஞாயித்துக்கிழமை நானே கராஜுக்குள்ள போயி ஒருத்தரக் கையோட புடிச்சுட்டு வந்தர்றேன். நீ மேடையில பேர வாசிச்சாப் போதும்மா" என்றார்.

"சரிங்க அங்கிள்," என்றாள் ஹம்சா. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பால் பவுடர் தீர்ந்தது. குழந்தை வீறிட்டது.

கராஜில் அவள் பால் பவுடர் டின்னை எடுத்த நேரம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னாலேயே தலைவரின் ஜவ்வாது வாசனை வந்தது. அவளை அவர் பார்க்க முடியாது. ஆனால் கையிலிருந்த டின் அந்தரத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஷூ சத்தம் நேராக டின்னை நோக்கி வந்தது. அவள் அலமாரியோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினாள். கை காற்றைத் துழாவும் சரசரப்பு கேட்டது. அவளுக்கு ஒரு முழம் தள்ளி அது எதையோ இறுகப் பற்றியதில் வளையல்கள் கலகலத்தன.

"மாட்டுனீங்களா! பேரச் சொல்லுங்க!"

"சாந்தாமணிங்க. உங்க சம்சாரம். கைய விடுங்க, வளையல் நசுங்குது."

ஜவ்வாது வாசனை ஓரடி பின்வாங்கியது.

"நீயா? இங்க... எதுக்கு?"

"உங்களுக்கு வேல போயி எட்டு மாசமாச்சு. நீங்க தெனமும் பையத் தூக்கிட்டு ரயிலேறி நியூயார்க் போயி பார்க்குல உக்காந்துட்டு வர்றீங்க. வீட்ல சோறு எங்கிருந்துங்க வருது?"

ஹம்சா டின்னோடு மெல்ல வெளியேறினாள். பொங்கல் விழாவில், நேரமின்மையால் பெயர்கள் வாசிக்கப்படவில்லை என்று அறிவித்தாள். முதலில் கைதட்டியவர் தலைவர். அதன் பிறகு ஓக் ட்ரீ சாலையில் ஆளில்லாமல் போகும் கார்களில் அவருடையதும் ஒன்றானது. அது யாருடைய கார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், இனிமேல் மன்றம் பாஸ்மதி கொடுக்கக்கூடாது, பொன்னி அரிசிதான் கொடுக்கவேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். பாஸ்மதி அவருக்குச் செரிப்பதில்லை.