பத்து நிமிடத்தில் பெட்டி

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை பல் டாக்டர். சின்ன மாப்பிள்ளை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். இரண்டு பேருக்கும் வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம். ஆனால் சின்ன என்ற சொல்லுக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்பது கல்யாணமான இந்தப் பதினோரு வருடத்தில் அவனுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

டாக்டர் கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. போனால் "வாங்க சகல" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவனுடைய கடைவாய்ப் பல் ஒன்றைக் காசு வாங்காமல் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குத் துளி வலி இல்லை. அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்றுவரை வயிறு எரியும்.

பள்ளி விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து தீம் பார்க் போவதென்று முடிவானது. டாக்டருக்கு இரண்டு பையன்கள், இவனுக்கு எட்டு வயதில் ஒரு பெண். கூடவே மாமனார். அவருக்குப் போன வருடம் முழங்காலில் அறுவை நடந்து உள்ளே உலோகம் வைத்திருந்தார்கள். சமதளத்தில் கோலூன்றி நடப்பார். மூன்று படி ஏறினால் நான்காவது படியில் நின்று எல்லாரையும் திட்டுவார்.

தீம் பார்க்குக்குப் போக இரண்டு விமான நிலையங்கள் இருந்தன. பார்க்கிலிருந்து அரை மணி தூரத்தில் பெரியது. இரண்டு மணி தூரத்தில் சின்னது. எதில் இறங்குவது என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் டாக்டர் வீட்டு ஹாலில் கூடினார்கள். டாக்டர் பெரிய தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தார். தூரம், டிக்கெட், வேன், கழிப்பறை, குழந்தைகள் தூங்கும் நேரம் என்று பன்னிரண்டு வரிசை. கட்டத்துக்கு ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தது இவனுடைய மகள். நாற்காலியில் முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, டாக்டரின் தோளில் பாதி சாய்ந்திருந்தாள்.

கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, அப்ப எந்த ஏர்போர்ட்டு நல்லது?"

இவன் மூன்றடி தள்ளி டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். அந்த அறையில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரே ஆள் அவன். அவன் பெற்ற பெண், ஊரார் வாயைப் பார்க்கிறவரிடம் போய் விமான நிலையம் கேட்கிறாள்.

"சின்னதுதான் நல்லது" என்றான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மனைவி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்கிற பார்வை பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் வேகம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான். பெரிய நிலையத்தில் விமானம் ஒரு மூலையில் நிற்கும், பெட்டி வருகிற பெல்ட் இன்னொரு மூலையில் சுற்றும், நடுவில் இரண்டு கிலோமீட்டர். நாலு விமானத்துப் பெட்டி ஒரே பெல்ட்டில் விழும். ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது. சின்னதில் கட்டடத்துக்கு எதிரிலேயே விமானம் நிற்கும், எண்பது மீட்டர்தான். இதையெல்லாம் அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. கூட வேலை பார்க்கும், பெட்டி வண்டிகளை இழுக்கிற டிராக்டர்காரர் முன்பு அங்கே இருந்தவர், அவர் வாயால் கேட்டது.

"இறங்கின பத்து நிமிஷத்துல எல்லாப் பெட்டியும் கையில இருக்கும். எழுதி வச்சுக்கங்க."

டாக்டரின் பன்னிரண்டு வரிசையில் பெட்டி இல்லை. அவர் தாளைப் பார்த்தார். அப்புறம் இவன் மகளைப் பார்த்தார். அவள் வாயைப் பிளந்துகொண்டு அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தாளை நாலாக மடித்தார்.

"தொழில் தெரிஞ்சவர் சொல்றார். சின்னதுலயே போயிடலாம்."

ரெண்டு மணி நேரம் வேனில் போகணுமே என்று மனைவியின் அக்கா முனகினாள். வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம் என்று டாக்டர் முடித்துவிட்டார். இவ்வளவு சுலபமாகவா என்று அவனுக்கு ஒரு நிமிடம் உறுத்தியது. சண்டை போட்டு ஜெயித்திருந்தால் ருசித்திருக்கும். ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான். மகள் அன்று ராத்திரி ஒரு படம் வரைந்தாள். அதில் விமானத்தைவிட அப்பா பெரியதாக இருந்தான். அதை மடித்து வேலைக்குக் கொண்டுபோய் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினான்.

பத்து நாள் அப்படியே மிதந்தான். பதினோராம் நாள் மதியம், ஓய்வறையில் டிராக்டர்காரர் அந்தப் படத்தைப் பார்த்தார். கிடைத்த இடத்தில் தூங்குகிறவர் என்பதால் அவருக்கு மெத்தை என்று பெயர். அன்று அதிசயமாக விழித்திருந்தார். யார் யார் போகிறீர்கள் என்று விசாரித்தவர், மாமனார் என்றதும் காது மூடியைக் கழற்றினார்.

"அவருக்குத்தானே முட்டி ஆபரேஷன் ஆச்சு? அவரையுமா அங்க கூட்டிட்டுப் போற?"

"ஏன், அங்க என்ன?"

"விமானத்துலேருந்து நேரா கட்டடத்துக்குள்ள நடந்து போற பாலம் அங்க கிடையாதுடா. ஏணிதான். இருபத்திரண்டு படி. அதுவும் செங்குத்தா இருக்கும்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ பெட்டியத்தானே கேட்ட. ஆளப் பத்தி எங்க கேட்ட?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பதினோரு வருடமாக அவன் விமானத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை விமானம் என்பது ஒரு வயிறு. கதவைத் திறந்தால் பெட்டி வரும். ஆட்கள் அவன் தலைக்கு மேலே மூடிய பாலத்தில் நடந்து போவார்கள், காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

பயணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு போன் போட்டால் டிக்கெட்டை மாற்றிவிடலாம். போனை எடுத்தான். டாக்டர் எண்ணை 'பல்' என்று பதிந்து வைத்திருந்தான். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிச்சிருங்க சகல, எனக்குத் தெரியல என்று சொல்ல வேண்டும். அவர் பரவாயில்லை என்பார். உடனே தாளை விரிப்பார். மகள் மறுபடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவர் தோளில் சாய்வாள். போனைப் பையில் போட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாமனார் வந்திருந்தார். அவன் மனைவி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மாப்ள பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். இதுவரை அந்த வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

குனிந்த இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. கிழவருக்கு என்ன எடை இருக்கும், அறுபது கிலோ? அவன் ஒரு ஷிப்டில் ஏழு டன் தூக்குகிறவன். முதுகில் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு படியையும் அவனே இறக்கிவிடுவான். எல்லாரும் பார்ப்பார்கள். மகள் பார்ப்பாள். டாக்டர் பார்ப்பார். இடுக்கி பிடிக்கிற கையால் அது முடியாது. இப்படி நினைக்க நினைக்க, செய்த தப்பு தப்பாகவே தெரியவில்லை. இரண்டாவது நாளிலிருந்து அவன் அந்த ஏணிக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டான். மதிய இடைவேளையில் முதுகில் இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓய்வறைப் படியில் இறங்கிப் பார்த்தான். எதுக்குடா இது என்று மெத்தை கேட்டார். சும்மா என்றான்.

புறப்படும் நாளில், கவுண்டரிலேயே மாமனாருக்குச் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. டாக்டர் சொல்லி வைத்திருந்தாராம். மாமனார் ராஜா மாதிரி கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனார். சமதளத்தில் நீ தள்ளிக்கொள், படி எனக்கு என்று இவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

விமானம் இறங்கியது. ஜன்னல் வழியே பார்த்தான். மெத்தை பொய் சொல்லவில்லை, கட்டடம் கல்லெறி தூரத்தில் இருந்தது. ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆட்கள் வரிசையாக இறங்க, அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாமனாரின் இருக்கைப் பக்கம் போனான். நடைவழியில் முட்டி போட்டு முதுகைக் காட்டினான்.

"மாமா, ஏறிக்கங்க. படி இருக்கு."

"எதுக்கு மாப்ள? இப்படியே இருக்கச் சொல்லிருக்காங்களே."

பணிப்பெண் வந்து, நீங்கள் இறங்குங்கள் சார், இவருக்கு வண்டி வருகிறது என்றாள். அவன் முட்டி போட்டபடியே இருந்தான். எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. வெளியே ஒரு லாரியின் முதுகில் சின்ன அறை ஒன்று மெல்ல உயர்ந்து வந்து கதவோடு பொருந்தி நின்றது. உள்ளே சக்கர நாற்காலி, பிடித்துக்கொள்ளக் கம்பி, பக்கத்தில் ஜன்னல். மாமனாரோடு இரண்டு பேர் போகலாம் என்றார்கள். டாக்டர் எழுந்தார். அதற்குள் இவன் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"நானும் பெரியப்பாகூட லிஃப்ட் வண்டியில!"

அவன் ஏணியில் இறங்கினான். எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினான். இருபத்திரண்டு. கீழே நின்று நிமிர்ந்தால் அந்த அறை இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மகளின் முகம். கையாட்டினாள். அவள் தலைக்கு மேலே டாக்டரின் முகம். அவரும் கையாட்டினார்.

பெல்ட் அருகில் டாக்டர் தன் போனை எடுத்து, நேரம் ஓடவிட்டு, இவன் மகள் கையில் கொடுத்திருந்தார். கடைசிப் பெட்டி வந்ததும் நிறுத்து, அப்பா சொன்ன கணக்கை நீதான் பார்க்கணும் என்றாராம். அவள் ஓடிப்போய், பெட்டிகள் வெளிவரும் ரப்பர் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். டாக்டர் மாமனாரின் நாற்காலியைப் பிடித்தபடி இவன் பக்கத்தில் நின்றார்.

"ஏணின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான்.

"கட்டம் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு ஏர்போர்ட்டுலயும் விசாரிச்சேன் சகல, சின்னதுல ஏணின்னாங்க. டிக்கெட் போடும்போது லிஃப்ட் வண்டிக்கு மாமா பேரப் போட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

டாக்டர் ரப்பர் திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாப்பா உங்களையே பாத்துட்டு இருந்தா. அன்னைக்கு எப்படிச் சொல்றது?"

அப்படியானால் அன்றைக்கு ஹாலில் அவன் ஜெயிக்கவே இல்லை. அந்தத் தாளை மடித்தபோதே டாக்டர் வெற்றியையும் மடித்து அவன் கையில் கொடுத்திருக்கிறார், குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. அவன் அதை லாக்கரில் ஒட்டி வைத்துப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அறைந்திருந்தால்கூடத் திருப்பி அறையலாம். இதற்கு என்ன செய்வது?

பெல்ட் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பெட்டிகள் வர ஆரம்பித்தன. இவனுடையது இரண்டு, மாமனாருடையது ஒன்று. மூன்றையும் இழுத்துப் போட்டான். டாக்டருடைய பச்சைப் பெட்டி வந்தது, எடுத்தான். உங்க தொழில் சகல, நடுவில் நான் வரல என்று டாக்டர் சிரித்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, பெண்களும் பையன்களும் கூடவே வர, வேன் வந்துவிட்டதா பார்க்க வாசல் பக்கம் போனார். பாக்கி அவருடைய நீலப் பெட்டி ஒன்றுதான்.

"அப்பா, எட்டு நிமிஷம் அம்பது செகண்டு!" மகள் குதித்தாள். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு நீலப் பெட்டி வந்தது. "அதோ வருது, எடுப்பா!"

பெட்டி அவன் முன்னால் வந்தது. கைப்பிடி அவன் பக்கம்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும். பத்து நிமிடம் என்று அவன் சொன்னது ஒன்றுதான் இந்தப் பயணத்தில் உண்மையாகவே அவனுடையது. அதை யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் பெட்டி டாக்டருடையது; அவன் கையை நீட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெட்டி தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தான்.

"அப்பா, பெரியப்பா பெட்டி போகுதுப்பா."

"போகட்டும். திரும்ப வரும்."

அவள் அவனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பெட்டி வளைவில் திரும்பி, திரைக்குப் பின்னால் மறைந்தது. எட்டு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் புரியுமா என்று யாராவது கேட்டால், புரியும். மற்றவர்களின் பெட்டிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. நீலப் பெட்டி மறுபடி வந்தபோது அவள் போனில் பன்னிரண்டு நிமிடம் தாண்டியிருந்தது. அவன் எடுத்து வைத்தான்.

டாக்டர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். வேன் வந்துவிட்டதாம்.

"என்ன பாப்பா, அப்பா கணக்கு சரியா வந்துச்சா?"

அவள் போனின் திரையை இரண்டு தடவை தட்டினாள். ஓடிக்கொண்டிருந்த எண்கள் மொத்தமும் பூஜ்யமாயின. போனை அவரிடம் நீட்டினாள்.

"ஒன்பது நிமிஷம், பெரியப்பா" என்றாள். தொழில் தெரிஞ்சவர் சொல்றார் என்று டாக்டர் அன்றைக்கு ஹாலில் பேசின அதே குரல். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க சகல" என்று டாக்டர் அவன் தோளைத் தட்டினார்.

அவன் கையில் இரண்டு, தோளில் ஒன்று என்று பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டை டாக்டர் இழுத்துவர, முன்னால் நடந்தான். பின்னால் மகள் பெரியப்பாவிடம், எந்த ராட்டினத்தில் முதலில் ஏறலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.