அண்ணன் வீட்டுக் கூரையில் புகை இல்லை

சிலி நாட்டின் தென்கோடியில், கொய்ஹைக்கே மலைச்சரிவில் எதெல்மிராவின் வீடும் அவள் அண்ணன் நொல்பெர்த்தோவின் வீடும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு மண்சாலைதான். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தாலும், எழுபது தாண்டியும் தன் விறகைத் தானே பிளந்து, தானே அடுக்குகிறவர் நொல்பெர்த்தோ. எதெல்மிராவின் கணவர் ரோசமெலுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிளந்த விறகை லாரியில் வரவழைத்தார்.

லாரிக்காரன் விறகைக் கொட்டும்போது நொல்பெர்த்தோ வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன மச்சான், பொளந்தே வாங்கிட்டீரா? கறியை யாரு மென்னு குடுக்குறா, என் தங்கச்சியா?"

லாரிக்காரன் சிரித்துவிட்டான். ரோசமெலின் முகம் கறுத்தது. அன்று ராத்திரி மனைவியிடம், "உங்கண்ணன் வீட்டு வாசப்படிய இனி நீ மிதிக்கக் கூடாது" என்றார்.

அங்கே ஜூலைதான் கடுங்குளிர்காலம்; பனி இறுகிச் சாலை கண்ணாடியாகிவிட்டது. ஒரு காலை எதெல்மிரா அடுப்பை மூட்டி, மாத்தே இலைத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"அண்ணன் வீட்ல புகையைக் காணோமே."

"தூங்குவான்."

"விடியறதுக்குள்ள அடுப்பு பத்த வச்சிருவாருங்க. ஒரு எட்டு போய்..."

"நெருப்பு வேணும்னா அவனே வந்து கேக்கட்டும். வீராப்பு என்னாகுதுன்னு பாப்போம்."

கணவருக்குப் பயந்து மட்டும் அவள் நின்றுவிடவில்லை. முழங்கால் வலித்தது. சாலை வழுக்கியது. அடுப்பு இதமாக இருந்தது. திரையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாளும் கூரை வெறுமையாகவே இருந்தது. சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"போனா அங்கேயே கெட" என்றார் ரோசமெல்.

"கெடக்கறேன்."

வேலியைப் பிடித்துப் பிடித்துச் சாலையைக் கடந்தாள். விறகுக் கொட்டகையில், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த லெங்கா மரக் கட்டைகள் சரிந்து கிடந்தன. இடுப்புக்குக் கீழே அவற்றுக்குள் புதைந்திருந்தார் நொல்பெர்த்தோ. ஆட்டுத்தோல் மேலங்கிதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. தாடியெல்லாம் பனி.

"அண்ணே! ஐயோ, அண்ணே!"

அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. "இங்கேருந்து உன் ஜன்னல் தெரியுது. நேத்து திரை விலகிச்சு. பாத்துட்டா, இப்ப வந்துருவான்னு கெடந்தேன்."

அவள் போட்ட கூச்சலில் ரோசமெல் ஓடிவந்தார். கெட்ட தோளோடு கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில், குளிரில் விறைத்துச் செத்துப்போன இரண்டு பாதங்களையும் எடுத்துவிட்டார்கள். புந்தா அரேனாஸ் நகரத்திலிருந்து நொல்பெர்த்தோவின் மகன் வந்து பார்த்து அழுதான். தன் அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்றான். போய்விட்டான்.

இப்போது நொல்பெர்த்தோவின் கட்டில் எதெல்மிராவின் சமையலறையில், அடுப்பை ஒட்டிக் கிடக்கிறது. அவர் பிளந்து வைத்த கட்டைகளைத்தான் ரோசமெல் ஒரு கையால் இழுத்துவந்து அடுப்பில் போடுகிறார். இரண்டு ஆண்களும் விறகைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் ரோசமெல் வெளியே போயிருந்தபோது, அண்ணனின் பாதமில்லாத கால்களைத் துடைத்துக்கொண்டே எதெல்மிரா மெல்லச் சொன்னாள்: "மொத நாளே நான் வந்திருக்கணும், அண்ணே."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா" என்றார் நொல்பெர்த்தோ. "வந்திருக்கணும்."

பிறகு கட்டிலை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள்.