எண்ணத் தெரிந்த நாரை

பறவையைச் சுட்டு, பஞ்சடைத்து, மேசைமேல் வைத்து ஆராய்ச்சி செய்த காலம் அது. உயிருள்ள பறவையைக் கூட்டிலேயே படம்பிடிக்க முதலில் கிளம்பியவர் நம் படக்காரர். அவருடைய முதல் படத்தைப் பார்த்த அறிஞர் சபை, "இதுவும் பஞ்சடைத்த நாரைதான்" என்று திருப்பியனுப்பிவிட்டது. தாய் இரை ஊட்டும் படம் ஒன்று கிடைத்தால் சபையின் வாயை அடைக்கலாம். கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கோ இறக்கை முளைத்துவிட்டது. இன்றோ நாளையோ பறந்துவிடும்.

சதுப்பில், இடுப்பளவுப் புதரில் இருந்த கூட்டுக்கு எதிரே நாணலால் ஒரு மறைப்பு கட்டியிருந்தார். அதற்குள் இருவர் நுழைவார்கள், ஒருவர் வெளியேறுவார். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான் என்று நம்பிக் கூட்டில் இறங்கும். இந்த நாரை மட்டும் இறங்கவில்லை. எதிர்மரத்தில் ஒற்றைக்காலில் நின்று மறைப்பையே பார்த்தது.

"அத்தான், இது உங்களைவிட நல்லா கணக்குப் போடுது," என்றான் மனைவியின் தம்பி.

"வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு மச்சான். ஒருத்தன் போனாப் போதும் அதுக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

மைத்துனன் போனான். படக்காரர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, 'நானும் போய்விட்டதாகவே இருக்கட்டும்' என்று மனசார வேண்டிக்கொண்டார்.

துணியை விலக்கியபோது கரைமேல் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மைத்துனனுக்குப் பக்கத்தில் நடந்தவருக்கு இவருடைய தொப்பி, இவருடைய சாய்ந்த தோள். "தோள் வலிக்குது மச்சான், பையை வாங்கிக்கோ," என்றது இவருடைய குரல்.

கத்தியிருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து நாரை இறங்கியது. குஞ்சு வாயைப் பிளந்தது. படக்காரர் என்றால் படக்காரர்தான்: முதலில் காமிராவின் மூடியைத் திறந்தார், மூச்சைப் பிடித்தார், மூடினார்.

பிறகுதான் வெளியே பாய்ந்து, தொண்டை கிழிய மைத்துனனைக் கூப்பிட்டார். கரைமேல் போனவர்கள் திரும்பவில்லை. கூட்டிலிருந்த நாரையும் தலையைத் திருப்பவில்லை. கூட்டருகே போய் அதன் கண்ணெதிரே கையைத் தட்டினார். இமைகூட அசையவில்லை. நீட்டிய கைமேல் குஞ்சு ஒன்று, ஏதோ கிளையில் ஏறுவதுபோல் ஏறி நின்று, இறக்கையை உதறிப் பழகியது. பாரமே தெரியவில்லை.

குஞ்சு இறங்கும்வரை அசையாமல் நின்றார். கரை வெறிச்சோடிக் கிடந்தது. வீட்டில் இந்நேரம் யாருக்கோ கைகழுவத் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள் மனைவி.

காமிராவை மறைப்பிலிருந்து வெளியே தூக்கி வந்து, கூட்டுக்குப் பக்கத்திலேயே நட்டு, இன்னொரு படத்தகடு மாட்டினார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.