ஸ்க்ரூடிரைவர் வைத்த காது

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதற்காவது காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. டோல்கேட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் அப்பா, "அனிஷாவக் கடையில உட்கார வச்சா, வர்றவன்கிட்ட எல்லாம் ஏன் வாங்குறன்னு கேட்டே விரட்டிருவா" என்பார். அதனால்தானோ என்னவோ, செவித்திறன் மேற்படிப்புக்கு நான் போனபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

கடைசி வருஷப் பயிற்சியில் என்னிடம் வந்தவர் திருமுருகன். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகில் டிரைவர். இன்ஜின் அவர் பொறுப்பு. போனை வலது காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை என்று மனைவி சினேகாதான் இழுத்து வந்திருந்தாள்.

சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். இடது காதில் சத்தம் போனபோது கை சட்சட்டென்று எழுந்தது. வலது காதுக்கு வந்தபோது மடியிலேயே கிடந்தது. வரைபடத்தில் இடது காதின் நீலக் கோடு மேலேயே நடக்க, வலது காதின் சிவப்புக் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது.

எனக்குப் பயிற்சி கொடுக்கும் ரெஜினா மேடம் அதை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு காதுக்கும் இவ்வளவு வித்தியாசமா? மூளைக்குப் போற நரம்புல கட்டி இருக்கலாம். ஸ்கேன் எடுத்தே ஆகணும்."

திருமுருகன் எழுந்துவிட்டார். "இன்ஜின் சத்தம் மேடம். போட்ல எல்லாருக்கும் கீது. மண்டைக்கு ஸ்கேன் எடுத்தேன்னு ஓனருக்குத் தெரிஞ்சா, தடைக்காலம் முடிஞ்சதும் வேற டிரைவர ஏத்திகினு பூடுவாரு. இன்ஜின வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

பாவமாக இருந்தது. ஆனால் சத்தம் என்றால் இரண்டு காதையும் அல்லவா கெடுக்க வேண்டும்? ஒன்று மட்டும் ஏன்? காரணம் கிடைத்தால் மனுஷன் ஸ்கேனிலிருந்து தப்பிப்பார் என்ற ஆசை வேறு எனக்கு. "உங்க இன்ஜின நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

சினேகா சிரித்துவிட்டாள். "வாங்க மேடம். மூக்க மட்டும் வூட்ல வச்சிட்டு வாங்க."

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் துறைமுகத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சினேகா மேல்தளத்தில் நின்றுகொள்ள, நான் திருமுருகனுக்குப் பின்னால் ஏணியில் இறங்கினேன். கீழே டீசலும் பழைய மீனும் கலந்த வாடை.

"இன்ஜின்ல எங்க கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். முனையை இன்ஜின் மேல் ஊன்றிக் காட்டினார். "கைப்புடிய காதுல வைப்பேன். உள்ள எது மக்கர் பண்ணுதுன்னு தெரிஞ்சிரும்."

நான் அவருடைய வலது காதையே பார்த்தேன். "எந்தக் காதுல?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வலது."

குதிக்க வேண்டும்போல இருந்தது. இதோ காரணம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதை விளக்கிக் கைதட்டல் வாங்குவது வரை என் மனசு ஓடிவிட்டது. ஆசை தீராமல், "ஒருதடவை ஓட்டிக் காட்டுங்களேன்" என்றேன்.

இன்ஜின் கிளம்பியது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் மண்டியிட்டார். வலது கை தானாக ஆக்சிலேட்டர் பிடிக்குப் போனது. இடது கை ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. கைப்பிடி இடது காதில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

தோளைத் தட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். "இது இடது காதாச்சே."

அவர் தன் கையையே பார்த்தார். "ஆரம்பத்துலேர்ந்தே இதான் மேடம். வலது கை ஆக்சிலேட்டர்ல இருக்கும்ல. நீங்க அந்தக் காதத்தான் தேடிகினு வந்தீங்க, அதான் அப்டிச் சொன்னேன்."

என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னால் பயம் வந்தது. வருஷக்கணக்காக இன்ஜினின் அடியை நேராக வாங்கிய காது நன்றாக இருக்கிறது. அந்த அடி படாத காது போய்விட்டது. இது இன்ஜின் செய்த வேலை இல்லை.

"அண்ணா," என்றேன். அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஓயாம ஓடுற பாகம் நல்லா இருந்து, சும்மா கெடக்குறது கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க?"

"உள்ள வேற கோளாறு கீது. கழட்டிப் பாப்பேன்." சொன்னவர் இடது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திப் பார்த்தார்.

"இன்னாயா, இன்ஜின் நின்னுபோச்சா?" சினேகா மேலேயிருந்து கேட்டாள். அவருடைய வலது பக்கம். அவர் அசையவில்லை. அவள் திரும்பவும் கேட்டாள். நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டபிறகுதான் அவரும் அண்ணாந்து, அவள் வாய் அசைவதைப் பார்த்தார்.

ஸ்க்ரூடிரைவரைப் பழந்துணியில் துடைத்து என் கையில் வைத்தார்.

"ஸ்கேன் எடுத்துர்லாம் மேடம். இத நீங்க வச்சிக்கோங்க. போட் கெளம்புற அன்னிக்கு வந்து வாங்கிக்கறேன்."