செவ்வாய்க்கிழமை எடுத்த படம்

கட்டிலில் ஏறிப் படுத்ததுமே சித்தாள் ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, அந்தப் பசையைக் கொஞ்சம் சூடு பண்ணித்தான் தடவேன். செவ்வாக்கிழமை உயிரே போயிடுச்சு."

"மூணு மாடி கலவை தூக்குறவளுக்கு இது ஒரு குளிரா?" என்றாள் ஸ்கேன்காரி.

வாசலில் நின்ற புருஷன் சிரித்தான். ஆள் உயரம், சதை கிடையாது. வேலை இடத்தில் அவனுக்குப் பேர் ஒட்டடைக்குச்சி. "அவளுக்கு வாய்தான் பலம், மேடம்."

பிள்ளைக்கு இருபத்தெட்டு வாரம். வளர்ச்சி போதவில்லை. கொடி வழியாக வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குள்ளே ஒரு சின்னக் குழாய் நேராக இதயத்துக்குக் கொண்டுபோகும். அந்த ஓட்டம் திரையில் அலையாக விழும். ஒவ்வொரு துடிப்புக்கும் அலையில் ஒரு பள்ளம். பள்ளம் திரையின் பூஜ்யக் கோட்டுக்கு மேலே நின்றால் காத்திருக்கலாம். கீழே இறங்கினால் இதயம் களைத்துவிட்டது, பிள்ளையை வெளியே எடுத்தாக வேண்டும்.

இன்று பிள்ளை அசையாமல் கிடந்தது. ஸ்கேன்காரி திரையில் ஓட்டத்தை அளக்கும் பெட்டியை நன்றாகக் குறுக்கி, அந்தக் குழாய்மேல் மட்டும் வைத்தாள். பள்ளம் கோட்டுக்குக் கீழே போனது. மறுபடி வைத்தாள். கீழேதான்.

செவ்வாய்க்கிழமைப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அன்று பிள்ளை ஓயாமல் உதைத்தது, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் பெட்டியை அகலமாகவே விட்டிருக்கிறாள். பக்கத்துத் தடித்த கொடிக்குழாயும் அதற்குள் விழுந்து, அதன் சீரான ஓட்டம் பள்ளத்தை மூடிவிட்டது. கீழே அவள் கையெழுத்திலேயே, 'ஓட்டம் சரி.' இதே தப்புக்குப் புதுசாக வேலைக்கு வந்த பெண்களை அவள் கிழி கிழியென்று கிழித்திருக்கிறாள்.

"என்னக்கா, முகம் செத்துப்போச்சு?"

"டாக்டரைக் கூப்பிடுறேன்."

டாக்டர் இரண்டு படத்தையும் பார்த்தார். அவளையும் பார்த்தார். "ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லும்மா, ஓடு."

பெண் குழந்தை. எழுநூறு கிராம். மறுநாள் மத்தியானம் வரை இருந்தது.

திங்கட்கிழமை வார்டுக்குக் கிளம்பிய ஸ்கேன்காரியை டாக்டர் நிறுத்தினார். "அன்னைக்கே எடுத்திருந்தாலும் பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. போய் உளறி வைக்காதே."

சித்தாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து யாருக்கோ சொல்வதுபோல் பேசிக்கொண்டிருந்தாள். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு சாரம் ஏறினா என்ன ஆகும்? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சும்மா இரும்மா," என்றான் ஒட்டடைக்குச்சி. ஸ்கேன்காரியைக் கண்டதும் கும்பிட்டான். "நீங்க பாத்துச் சொன்னதாலதான் ஒரு நாளாவது பிள்ளை மூஞ்சியப் பாத்தோம், மேடம்."

அந்தக் கும்பிடை அவளால் தாங்க முடியவில்லை. கட்டிலருகே குனிந்தாள். "தங்கச்சி, செவ்வாக்கிழமை நான் தப்பாப் பாத்துட்டேன். அன்னைக்கே ஓட்டம் கெட்டிருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு. சரியா இருக்குன்னு எழுதிட்டேன்."

சித்தாள் மெல்லத் திரும்பினாள். "நீ சரின்னு சொன்னதாலதான் புதன்கிழமை வேலைக்குப் போனேன். சாயந்திரமே உதை குறைஞ்சுடுச்சு. நான்தான் கொன்னுட்டேன்னு கிடக்கேன், இவருகிட்டகூட வாய் திறக்கல." மூச்சு வாங்கினாள். "அப்ப, நான் ஏறுறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

ஒட்டடைக்குச்சியின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. மாமியார் காதில் கை வைத்து, "என்ன சொல்றாங்க?" என்றாள்.

"அவங்களுக்குக் கேக்கலக்கா," என்றாள் சித்தாள். தையல் வலிக்க வலிக்க எழுந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லு. சத்தமாச் சொல்லு."

பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஸ்கேன்காரி முதலிலிருந்து சொன்னாள்.